மழை வந்தால் மறையும் செய்தி

வாடைக்காற்று தொடங்கிவிட்டது, இனித் தை மாதம் வரை திருகோணமலையில் எங்கள் வீட்டுத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரே நிகழ்ச்சிதான்.

மாதக் கட்டணம் இல்லை, இந்திய அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனின் இலவசச் சேவையில் தமிழ் அலைவரிசையும் உண்டு என்று சொல்லிக் கூரையில் டிஷ் பூட்டியவர் பொய் சொல்லவில்லை. கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட் 15 செய்மதிக்குப் பாக்கு நீரிணை ஒரு எல்லையே அல்ல. ஆனால் அது அனுப்பும் கேயு (Ku) என்ற உயர் அதிர்வெண் அலைப்பட்டையைக் கனமழை விழுங்கிவிடும் என்பதை மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது கேட்டால், “மழை விட்டாப் பிறகு வரும் அண்ணை” என்கிறார். மழை விட்ட பிறகு எனக்கு வானிலைச் செய்தி எதற்கு?

கோபுர ஒளிபரப்பை மழை இப்படிக் கெடுப்பதில்லை. ஆனால் இராமேஸ்வரத்தின் 323 மீற்றர் கோபுரத்துக்கே, பூமியின் வளைவால், நேர்ப்பார்வை ஏறத்தாழ 75 கிலோமீற்றர்தான். உயர்த்திக் கட்டிய அன்ரனாவின் உபயத்தில் யாழ்ப்பாணத்து மாமி வீட்டில் படம் கண்ணாடிபோல் தெரிந்த காலத்தில், அந்தக் கோபுரத்திலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த நாங்கள், காற்றடங்கிய இரவுகளில் எப்போதாவது தோன்றும் மங்கல் முகங்களுக்காகக் கம்பியைத் திருப்பித் திருப்பியே களைத்தோம். அந்த அனலொக் கோபுரங்களை இப்போது பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். மாமியும் எங்கள் நிலைக்கு இறங்கியதில் எனக்குச் சிறு திருப்தி உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

அக்கரைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, அதன் பின்னர்தான் பாம்பன் பக்கம் போனது. ஆனாலும் அவர்கள் பாம்பனைத்தான் பேசுவார்கள், அது அவர்களுடைய மக்களின் பணம். நான் வரி கட்டும் இலங்கை நாட்டின் அலைவரிசை, எங்கள் ஊர் உவர்மலையில் அன்ரனாவை உயர்த்தியும் ஏன் புள்ளியும் கோடுமாகவே தெரிகிறது? ஜப்பானிய முறையில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு என்று 2014இல் தீர்மானித்தார்கள். அதன் பின் நான்கு சனாதிபதிகள் வந்துவிட்டார்கள். எங்கள் கூரைக்கு அந்தப் படம் வரவில்லை. எங்கள் கரையோரக் குச்சவெளியில் கடல் ஏறுமா என்று அறிய, நாகப்பட்டினத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டு, தூரத்தையும் திசையையும் வைத்து நாங்களே மனக்கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

நேற்றிரவு அந்த எண்ணைச் சொல்ல அறிவிப்பாளர் வாயெடுத்தபோதுதான் திரை நீலமானது.