ஸ்பீடு மட்டும் பத்தாது பாஸ்

"வீட்டு ஆபீஸுக்கு இன்டர்நெட் போன் வைக்கணும்னா 100 எம்பிபிஎஸ் லைன் கட்டாயம், இல்லன்னா வாய்ஸ் உடையும்"னு நண்பர் சொல்லிருக்காரு, இது தப்புங்க. சாதாரணமா யூஸ் பண்ற ஜி.711 கோடெக்ல (குரலை டேட்டாவா மாத்தற முறை) ஒரு காலுக்கு செகண்டுக்கு 64 கிலோபிட் தான், குரல் பாக்கெட்னு சின்ன சின்ன டேட்டா துண்டாத்தான் போகும், அதுல ஒட்டற முகவரி விவரம் (ஹெடர்) எல்லாம் சேத்தாலும் செகண்டுக்கு 90 கிலோபிட் கிட்ட, அதுவும் போறதுக்கு ஒரு 90, வர்றதுக்கு ஒரு 90. ஒரே நேரத்துல நாலு பேர் பேசினாகூட ஒரு பக்கத்துக்கு அரை எம்பிபிஎஸ் (500 கிலோபிட்) தாண்டாது.

அப்புறம் ஏன் குரல் உடையுதுன்னா பாக்கெட் தொலையறது, இல்ல ஒண்ணு சீக்கிரமும் ஒண்ணு லேட்டாவும் வர்ற ஜிட்டர், இது ரெண்டும் தான் பெரும்பாலும் காரணம். வீட்ல யாராச்சும் போட்டோ எல்லாத்தையும் பேக்கப் போட்டா அப்லோடு அடைச்சுக்கும், உங்களுக்கு எதிராளி பேசறது நல்லா கேக்கும் ஆனா அவருக்கு உங்க குரல் தான் ரோபோ மாதிரி கேக்கும், டவுன்லோடு ஸ்பீட ஏத்தி என்ன பிரயோஜனம்? ரவுட்டர்ல க்யூஓஎஸ் (எந்த டேட்டா முதல்ல போகணும்னு சொல்ற செட்டிங்) இருந்தா வாய்ஸுக்கு முன்னுரிமை குடுங்க, போனை வைஃபைல விடாம கேபிள்ல மாட்டுங்க, பாதி தொல்லை அங்கயே போயிடும்.

தாமதம் ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்னு ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவே சொல்லிருக்கு. பெரிய பிளான் வாங்கற காசுல ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்க, கரண்ட் போனா இந்த போனும் செத்துடும், அத யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.