எட்டு மணி நேரப் படமாம்!

புது சீரிஸ் ஏதாவது வரப்போகிறது என்றால் அதற்கு முன்னால் ஒரு பேட்டி வரும். அதில் இயக்குநரோ தயாரிப்பாளரோ, இதை எட்டு மணி நேரப் படமாக நினைத்துத்தான் எடுத்தோம் என்று பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எட்டு மணி நேரப் படம் யாருக்கு வேண்டும்? இரண்டரை மணி நேரப் படத்திலேயே இடைவேளைக்குப் பிறகு தொய்வு என்று எழுதுகிறவர்கள் நாம்.

சீரிஸுக்கு அடிப்படை அலகு எபிசோட். அது தன் காலில் நிற்க வேண்டும். தனக்கென்று ஒரு பிரச்சினை, ஒரு ஏற்றம், ஒரு முடிவு இருக்க வேண்டும். அதற்கு மேல்தான் சீசன் முழுக்க ஓடும் பெரிய கதை. சமீபத்தில் வந்தவற்றில் எனக்குப் பிடித்தவற்றுக்கும், பாதியில் கைவிட்டவற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒன்றில்தான் அடங்குகிறது. நடிப்போ, காசோ, கேமராவோ எல்லாம் அடுத்துதான்.

'தி பிட்' இதற்கு நல்ல உதாரணம். 2025 ஜனவரியில் தொடங்கியது. பிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு, ஒரே ஒரு ஷிஃப்ட், 15 எபிசோட். காலை 7 மணிக்கு ஆரம்பித்து எபிசோடுக்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தோடு ஓடுகிறது. கேட்க வித்தை மாதிரி இருக்கும், ஆனால் எழுதுகிறவர்களுக்கு இது போடும் கட்டுப்பாடு பயங்கரமானது. "மூன்று நாட்களுக்குப் பிறகு" என்று தாண்ட முடியாது. நீளமான ஃபிளாஷ்பேக்குக்கு ஓட முடியாது. ஒரு நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அதன் முடிவு அடுத்த எபிசோடில்தான் வரும், ஏனென்றால் அதற்கு நிஜமாகவே அவ்வளவு நேரம் பிடிக்கும். காத்திருப்போர் பகுதியில் ஆரம்பத்திலிருந்தே பொருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைக் கவனியுங்கள். வரும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்ச நேரம்தான். ஆனால் அவர் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கும் ஏறிக்கொண்டே போகிறது. இதை எட்டு மணி நேரப் படத்தில் செய்ய முடியாது. எபிசோட் எபிசோடாக அடுக்கினால்தான் முடியும்.

இன்னொரு விஷயம்: அந்த சீரிஸில் பின்னணி இசை இல்லை என்றே சொல்லலாம். எங்கே பதற வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று வயலின் வந்து சொல்லித் தராது. மானிட்டர் சத்தமும் தள்ளுவண்டிச் சக்கரமும்தான். விளக்குகளைச் செட்டின் கூரையிலேயே பதித்துவிட்டதால் கேமரா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புகிறது. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு வெட்டாமல் போகிறது. 2025 எம்மியில் சிறந்த டிராமா விருது அதற்குக் கிடைத்தது சரியான தீர்ப்பு. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அடுத்த ஜனவரியிலேயே இரண்டாவது சீசனை இறக்கியது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சக மாணவியைக் கொன்றதாகக் கைதாகும் ஒரு பள்ளிப் பையனின் கதையான 'அடலசென்ஸ்' நேர் எதிர் ரகம். வெறும் 4 எபிசோட். ஒவ்வொன்றும் ஒரே ஷாட். ஒரு எபிசோடுக்கு ஏறக்குறைய மூன்று வாரம்: முதல் வாரம் நடிகர்கள் ஒத்திகை, இரண்டாவது வாரம் கேமராவோடு ஒத்திகை, மூன்றாவது வாரம் படப்பிடிப்பு, ஒரு நாளைக்கு இரண்டு டேக். ஒரே ஷாட் என்பதை வித்தைக்காகச் செய்கிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது, உண்மைதான். இங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்றாவது எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பையன், ஓர் உளவியலாளர். அவர் அவனுக்கு ஹாட் சாக்லேட்டும் பாதி சாண்ட்விச்சும் கொண்டுவருகிறார். ஊறுகாய் வைத்த சாண்ட்விச் தனக்குப் பிடிக்காது என்கிறான் பையன். கொஞ்ச நேரம் கழித்து, அதையே எடுத்து ஒரு கடி கடிக்கிறான். வசனம் ஒன்றும் இல்லை. கட் இருந்தால் இயக்குநர் சாண்ட்விச்சுக்கு ஒரு குளோசப் வைத்து "பார்த்துக்கோ, இது முக்கியம்" என்று நம் கையைப் பிடித்து இழுத்திருப்பார். கட் இல்லாததால் நாமேதான் கவனித்தாக வேண்டும். அதே எபிசோடில் பையன் கொட்டாவி விடும் இடம் திட்டமிட்டதே கிடையாது. அவனாக வந்த கொட்டாவி. உளவியலாளராக எதிரில் இருந்த எரின் டோஹர்ட்டி, நான் உனக்கு போர் அடிக்கிறேனா என்று அந்தக் கணத்திலேயே கேட்டுச் சமாளித்தார். பையனாக வரும் ஓவன் கூப்பர் நடித்து முதலில் படமான எபிசோடே அதுதான். அதற்கு முன் அவர் கேமரா முன் நடித்ததே இல்லை. 15 வயதில் எம்மி வாங்கினார்.

சரி, கெட்டுப்போவது எங்கே? கணக்கில்தான். கையில் இருப்பது இரண்டு மணி நேரக் கதை. ஒப்பந்தமோ எட்டு எபிசோடுக்கு. முதல் இரண்டில் கதாபாத்திரங்களையும் பிணத்தையும் காட்டியாகிவிட்டது. கடைசி இரண்டுக்கு முடிவு இருக்கிறது. நடுவில் நான்கு எபிசோடை எதை வைத்து நிரப்புவது? அதற்குச் சில வழக்கமான சரக்குகள் உண்டு. நான்காவதில் ஒருவர்மேல் சந்தேகம் வரும். ஐந்தாவதில் அவர் இல்லை என்று தெரியும். ஐந்தாவதோ ஆறாவதோ முழுக்க ஃபிளாஷ்பேக், நமக்கு ஏற்கெனவே புரிந்துவிட்ட ஒரு காயத்தை நாற்பது நிமிடம் விளக்கும். ஒரே ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் முடிந்துபோகும் விஷயத்தை, காரணமே இல்லாமல் ஒருவர் மூன்று எபிசோடுக்கு மறைத்து வைத்திருப்பார். இந்தக் கடைசி வகைதான் எனக்கு ஆகவே ஆகாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எபிசோட் முடிந்ததும் இரண்டே கேள்வி. இந்த எபிசோடில் யார் எதற்காக முயன்றார்? முடியும்போது எது திரும்பப் போக முடியாதபடி மாறியது? இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் வந்தால் தொடரலாம். "விசாரணை தொடர்ந்தது" என்பதுதான் பதில் என்றால் அங்கே எபிசோட் இல்லை. படத்தின் நடுவிலிருந்து வெட்டிய ஒரு துண்டுதான் இருக்கிறது.

எபிசோட் எழுதும் இந்தத் தொழில் கை நழுவிப் போனதற்கு விளம்பர இடைவேளை போனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பழைய அமெரிக்க நெட்வொர்க் டிராமாவில் ஒரு மணி நேர ஸ்லாட்டில் கதைக்குக் கிடைப்பது 42 நிமிடம் சொச்சம். விளம்பரம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பகுதியும் ஒரு கொக்கியோடு முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆள் சேனல் மாற்றிவிடுவார். வருடத்துக்கு 22 எபிசோட். அதனால் ஏ கதை, பி கதை, சி கதை என்று மூன்று இழைகளைப் பின்னத் தெரிந்தவர்கள்தான் எழுத்தாளர் அறையில் தாக்குப்பிடித்தார்கள். 2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃப்ளிக்ஸில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடும் ஒரே நாளில் வந்தது. அதற்குப் பிறகு கொக்கி போடுவது எபிசோடின் கடைசி ஒரு நிமிடத்து வேலையாகச் சுருங்கிவிட்டது. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் சாவகாசமாக நடக்கலாம். வேடிக்கை என்னவென்றால், 2022 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸே சில நாடுகளில் விளம்பரத்தோடு வரும் மலிவுச் சந்தாவைக் கொண்டுவந்தது. இப்போது விளம்பரம் இருக்கிறது, அதற்கேற்ற எழுத்துதான் இல்லை. காட்சி சூடு பிடிக்கும் நேரத்தில் ஷாம்பு வந்து நிற்கிறது.

எழுத்தாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சின்னதாக ஓர் அறையைப் போட்டு, படப்பிடிப்புக்குப் பல மாதம் முன்பே எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் 'மினி ரூம்' வழக்கம் பரவியது. செட்டில் ஒரு காட்சி எடுபடவில்லை என்றால் திருத்த எழுத்தாளர் பக்கத்தில் இருக்க மாட்டார். 2023-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய பெரிய குறைகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு சீக்கு: "36 மணி நேரத்துக்கு முன்பு". ரத்தமும் ஓட்டமுமாக ஒரு காட்சியைக் காட்டிவிட்டு, திரையைக் கறுப்பாக்கி, பின்னால் போவது. தன் முதல் காட்சி ஆளை உட்கார வைக்காது என்று எழுதியவரே ஒப்புக்கொள்வதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். விதிவிலக்குகள் இருக்கின்றன. மிகக் குறைவு.

வெளியீட்டு முறையிலும் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. எபிசோட் எபிசோடாக எழுதியதை வாரம் ஒன்றாக விடலாம். ஒட்டுமொத்தமாக எழுதியதை ஒட்டுமொத்தமாக விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் புத்திசாலித்தனமாகச் செய்தது 'ஆண்டோர்' இரண்டாவது சீசன்: 12 எபிசோட், வாரத்துக்கு மூன்றாக நான்கு வாரம், ஒவ்வொரு மூன்றும் கதையில் அடுத்த வருடம். வெளியீட்டு அட்டவணையே கதையின் அத்தியாயப் பிரிவாகிவிட்டது. தப்பாகச் செய்தது 'ஸ்க்விட் கேம்'. ஒரே கதையாக யோசித்ததை 2024 டிசம்பரில் இரண்டாவது சீசனாக 7 எபிசோட், 2025 ஜூனில் மூன்றாவது சீசனாக 6 என்று வெட்டினார்கள். அதனால் இரண்டாவது சீசனுக்கு முடிவே கிடையாது. ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து நடு வழியில் இறக்கிவிட்ட மாதிரி நிற்கிறது.

இனி சீசன்களுக்கு இடையில் காத்திருப்பது. 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 பிப்ரவரியில் தொடங்கியது. இரண்டாவது 2025 ஜனவரியில். ஏறக்குறைய மூன்று வருடம், அதுவும் ஒவ்வொரு சின்ன அடையாளத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய புதிர்க் கதைக்கு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016-இல் தொடங்கி 2025 கடைசி நாளில் முடிந்தது, மொத்தமே 42 எபிசோட். குழந்தைகளாக வந்தவர்கள் பெரியவர்களாகி, பள்ளிச் சீருடை வயதைக் கடந்து நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம், ஓரங்கட்டப்பட்ட உளவாளிகள் பற்றிய 'ஸ்லோ ஹார்ஸஸ்': 2022 ஏப்ரல் முதல் 2025-க்குள் ஐந்து சீசன், சீசனுக்கு 6 எபிசோட். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. மிக் ஹெரனின் நாவல்கள் தயாராக இருக்கின்றன, இரண்டிரண்டு சீசனாகச் சேர்த்துப் படம் பிடிக்கிறார்கள், ஆறு எபிசோடுக்கு மேல் ஆசைப்படுவதில்லை. அந்த அழுக்கு அலுவலகமும் ஓட்டை சாக்ஸும் எந்த கிராஃபிக்ஸையும் விட மலிவு, அதே சமயம் எந்த கிராஃபிக்ஸையும் விட நம்பும்படி இருக்கிறது.

சீரிஸைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் டிவியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். "ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியல", "பேசறது கேட்கல" என்ற புகார்களில் பாதி செட்டிங்கில் தீரும். இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாகத் தெரிகிறது என்றால் அது ஒளிப்பதிவாளர் தவறு இல்லை. ஸ்ட்ரீமிங்குக்காக வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடி வாங்குவது கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் இடையில் உள்ள நுணுக்கம்தான். ஆப்பில் டேட்டா சேமிப்பை அணைத்து, தரத்தை உயர்ந்த அளவில் வையுங்கள். அடுத்து, டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அது, இல்லாவிட்டால் 'சினிமா' மோட். அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையை மங்கலாக்கும் தானியங்கி வசதியையும் அணைத்துவிடுங்கள். மோஷன் ஸ்மூத்திங் எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, தேடிப் பிடித்து நிறுத்துங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததற்கு நடுவில் டிவியே கற்பனை ஃபிரேம்களைச் செருகுவதால்தான் கோடி கோடியாகக் கொட்டி எடுத்த காட்சியும் மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிகிறது.

சத்தத்துக்கு: டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பார்க்கிறீர்கள் என்றால் ஆடியோ பட்டியலில் 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான கலவை) என்று இருப்பதை விட்டுவிட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 5.1 கலவையில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று போகிறது. இரண்டே ஸ்பீக்கருக்குள் டிவி அதை அமுக்கும்போது பின்னணி இசைக்கு அடியில் வசனம் மாட்டிக்கொள்ளும். இரவில் பார்க்கிறவர்கள் 'நைட் மோட்' போட்டால் துப்பாக்கிச் சத்தத்துக்கும் கிசுகிசுப்புக்கும் இடையில் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்காது. இவ்வளவும் செய்து வசனம் புரியவில்லை என்றால், தாராளமாகத் திட்டலாம். நடிகர் முணுமுணுத்ததைக் காப்பாற்ற எந்த செட்டிங்கும் கிடையாது.

எப்போது கைவிடலாம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு: முதல் எபிசோடை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டாவதை வைத்துச் செய்யுங்கள். பெரிய இயக்குநர், கூடுதல் நாட்கள், கூடுதல் காசு எல்லாம் பெரும்பாலும் முதல் எபிசோடுக்குத்தான் போகும். அந்த ஆடம்பரம் போன பிறகு தினசரி சமையல் எப்படி இருக்கும் என்பது இரண்டாவதில் தெரிந்துவிடும். 'ப்ளூரிபஸ்' மாதிரி வேண்டுமென்றே மெதுவாக நகர்வதற்கு மட்டும் மூன்றாவது வரை பொறுங்கள். அதில் ரியா சீஹார்ன் பேசாமல் ஒரு வேலையைச் செய்துகொண்டே இருப்பார். அந்த வேலைதான் கதை. மெதுவாக நகர்வது வேறு, நகராமல் நிற்பது வேறு. இரண்டையும் "ஸ்லோ" என்று ஒரே வார்த்தையில் எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

கடைசியாக ஒன்று, இன்றைக்கே செய்யுங்கள்: உங்கள் புரொஃபைல் செட்டிங்கில், அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். 'அடலசென்ஸ்' இரண்டாவது எபிசோடின் முடிவில் கேமரா ட்ரோனில் ஏறி, பள்ளியிலிருந்து கொலை நடந்த இடம் வரை பறந்து போய் இறங்குகிறது. பின்னால் ஒலிப்பது பள்ளிக் குழந்தைகளின் கோரஸ். இறந்த பெண்ணாக வந்தவரின் குரலும் அதில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் வந்ததுமே அதைப் பெட்டிக்குள் சுருக்கி, அடுத்த எபிசோடுக்கு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறது ஆப்.