'பூட் ஸ்கூட்டின் பூகி' போட்டால் இன்றைக்கும் தரை நிரம்புகிறது

டெக்சஸில் ஏதாவது ஒரு டான்ஸ் ஹாலில் வெள்ளிக்கிழமை ராத்திரி போய் நின்று பாருங்கள். புதுப் பாட்டுகளுக்குப் பாதித் தரை நிறைந்தாலே பெரிது. 'பூட் ஸ்கூட்டின் பூகி' ஆரம்பித்ததுமே பார் பக்கம் நிற்பவர்கள்கூட கையில் இருப்பதை வைத்துவிட்டு ஓடி வருகிறார்கள். ப்ரூக்ஸ் அண்ட் டன் என்கிற அமெரிக்க கன்ட்ரி இசை ஜோடி 1992-இல் ஹிட்டாக்கிய பாட்டு இது. அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் இப்போது ஒரு அடி பிசகாமல் ஆடுகிறார்கள்.

"அது தொண்ணூறுகளின் மோகம், பாட்டில் ஒன்றுமே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிற தீர்ப்பு அது. அந்த ஜோடியில் ஒருவரான ரானி டன் எழுதிய இந்தப் பாட்டை அஸ்லீப் அட் தி வீல் என்கிற வெஸ்டர்ன் ஸ்விங் குழுதான் முதலில் 1990-இல் வெளியிட்டது, அந்த வருஷ அக்டோபரிலேயே கனடாவின் பில் பேடர் அதற்கு லைன் டான்ஸ், அதாவது எல்லோரும் வரிசையாக நின்று ஒரே மாதிரி ஆடுகிற ஆட்டம், அமைத்துவிட்டார். ப்ரூக்ஸ் அண்ட் டன் பாடியது அமெரிக்காவின் பில்போர்டு கன்ட்ரி பாடல் பட்டியலில் 4 வாரம் முதலிடத்தில் இருந்ததெல்லாம் அதற்கப்புறம். ரேடியோவுக்கு முன்பே கால்களுக்குப் போய்ச் சேர்ந்த பாட்டு, ரேடியோ மறந்தால் மட்டும் எப்படிச் சாகும்?

தாளத்தைக் கவனியுங்கள். ஷஃபிள் என்கிற துள்ளல் நடை, குதிகாலைத் தட்டவும் பூட்ஸைத் தரையில் உரசவும் அதிலேயே இடம் விட்டிருக்கிறது. வார்த்தை புரியாதவருக்கும் கால் எங்கே விழவேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதற்கு ஜோடி வேண்டாம். டூ ஸ்டெப் என்கிற ஜோடி நடனம் ஆட யாராவது வந்து கை நீட்டிக் கூப்பிட வேண்டும். தனியாக வந்த பெண்ணும், மனைவியை இழந்த பெரியவரும் அந்த நேரமெல்லாம் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். லைன் டான்ஸில் யாரும் கூப்பிட வேண்டியதில்லை, வரிசையில் ஒரு இடைவெளி தெரிந்தால் போதும்.

முதல் முறை நான் பயந்து கடைசி வரிசையில் நின்றேன். ஒரு சுற்று முடிந்ததும் எல்லோரும் அடுத்த சுவரைப் பார்த்துத் திரும்புவார்கள் என்று அப்போது தெரியாது. இரண்டு முறை திரும்பியதும் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது, எனக்கு முன்னால் யாருமே இல்லை! அடுத்த முறை அந்தப் பாட்டு வந்தபோது வயதான ஒரு அம்மா என் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். "இங்கே நில்லும்மா, எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்கு முன்னால் ஒருத்தர் இருப்பார்" என்றார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் பதின்ம வயதுப் பெண் ஒருத்தி ஓரத்தில் தயங்கி நின்றாள், அவளை நான் அதே மாதிரி நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

2019-இல் மிட்லேண்ட் என்கிற கன்ட்ரி குழுவோடு சேர்ந்து ப்ரூக்ஸ் அண்ட் டன்னே இந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தரையில் எனக்குப் பழையதுதான் வேண்டும். டிஜேக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பாதியில் வெட்டி அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள், நாலு சுவரையும் பார்த்து முடிக்கிற வரைக்குமாவது ஓடவிடுங்கள்.