“வீடியோவா மாத்திக்கோ” என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்

ஒரு காலத்தில் இணையத்தில் அசைபடம், விளையாட்டு, பாடம் எல்லாம் ஃப்ளாஷில்தான் செய்தார்கள். அப்படிச் செய்த பழைய ஃப்ளாஷ் கோப்பு ஓடவில்லை என்று யாரிடம் சொன்னாலும் இதே பதில்தான், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஐயா, அது வீடியோ இல்லை, நிரல்! என்னிடம் ஒரு மின்சுற்றுப் பாடம் இருக்கிறது. பல்பை இழுத்துக்கொண்டுபோய்ச் சரியான இடத்தில் மாட்டினால் எரியும், கம்பியைப் பிடுங்கினால் அணையும். பிள்ளைகள் தாங்களாகவே தப்பாக மாட்டி, ஏன் எரியவில்லை என்று முழித்து, அப்புறம் கண்டுபிடிக்கிற பாடம். அதை வீடியோ ஆக்கினால் யாரோ பல்பு மாட்டுவதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கோப்புகளை ஓட்டுகிற ஃப்ளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு கைவிட்டது. சரி, பாதுகாப்பு ஓட்டைகள் நிறைய இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு விட்டார்களா? நம் கணினியில் ஏற்கெனவே இருந்த பிளேயரும் 2021 ஜனவரி 12 முதல் எதையும் ஓட்டாதபடி உள்ளேயே பூட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மூலநிரலையாவது திறந்துவிட்டிருக்கலாம், அதுவும் இல்லை.

அந்தப் பாரத்தை இப்போது சுமப்பவர்கள், ஃப்ளாஷ் பிளேயருக்குப் பதிலாக ரஃபிள் என்ற புதுப் பிளேயரை எழுதுகிற தன்னார்வலர்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் முதலிலிருந்து எழுதுகிறார்கள். உலாவிகள் நேரடியாக ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவில் உலாவியிலேயே ஓடுகிறது. ஃப்ளாஷ் கோப்புகளுக்குள் இருக்கும் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-க்கு ஒரு எந்திரம், 2006-இல் வந்த 3-க்கு முற்றிலும் வேறொரு எந்திரம் என்று வேலையே இரட்டிப்பு. இதில் பழைய பிளேயரின் கோளாறுகளையும் அப்படியே திரும்பச் செய்தாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கோளாறை நம்பியே எழுதிய கோப்புகள் இருக்கின்றன. இவ்வளவு பாடுபடுகிறவர்களிடம் போய் “என் கேம் ஓடலை, குப்பை” என்று எழுதிவிட்டு வருகிறார்கள். எந்தக் கோப்பு, எந்த இடத்தில் நின்றது, ஒரு வார்த்தை கிடையாது. பல நேரம் பிளேயர்மேல் தப்பே இருக்காது: எடுத்து வைத்தவர் முதல் கோப்பை மட்டும் எடுத்திருப்பார், ஓடும்போது அது கூப்பிடுகிற மற்ற கோப்புகளும் படங்களும் சர்வரோடு சேர்ந்து செத்துப்போயிருக்கும். தயவுசெய்து ஃபோல்டரை முழுசாக எடுத்து வையுங்கள், ஓடாவிட்டால் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது ஒன்று. என் மின்சுற்றுப் பாடம் வந்த அதே வரிசையில் மீதிப் பாடங்களைக் கேட்டு, அவற்றைத் தயாரித்தவர்களிடம் போனால், “எல்லாத்தையும் வீடியோவா மாத்திட்டோம், பழசை அழிச்சிட்டோம்” என்கிறார்கள். நாளைக்கு ரஃபிள் எல்லாவற்றையும் ஓட்டுகிற நிலைக்கு வந்தாலும் ஓட்டுவதற்கு என்ன மிச்சம்? இடத்தை அடைக்கிறதாம்! அந்தப் பாடங்கள் எல்லாம் கோடுகளாலும் நிரலாலும் ஆனவை, நூற்றுக்கணக்கான கேபியில் அடங்கிவிடும். அந்த இடத்தில் இப்போது இருக்கிற வீடியோ அதைவிடப் பல மடங்கு பெரிசு.