அண்ணாமலையார் துணை

எங்கள் ஆயா வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, வாசல் நிலைக்கு மேலே சுதையில் செய்திருந்த வரியை அண்ணன் மகள் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். ஆறாவது படிக்கிறாள். "அண்..." என்பதற்கு மேல் போகவில்லை. "சித்தப்பா, இது தமிழா?" என்று கேட்டாள்.

'அண்ணாமலையார் துணை' என்றுதான் இருக்கிறது. ஆனால் ணா, லை, ணை மூன்றும் பழைய வடிவம். அந்த ணாவுக்குத் தனியாகக் கால் கிடையாது, கடைசிக் கோடே கீழே சுழித்து வளையும். லையும் ணையும் யானை துதிக்கையைத் தூக்கியதுபோல முன்னால் ஒரு வளைவோடு நிற்கும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு போட்ட ஆணையில் மாறிய 13 எழுத்துகளில் இவை மூன்று. 1935-லேயே பெரியார் 'குடி அரசு' இதழில் இந்தச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். அச்சுக்கோர்ப்பவருக்கு எழுத்து குறையும், பிள்ளைகளுக்குப் படிப்பது சுலபமாகும் என்பது காரணம். அரசாணையாக வருவதற்கு அவருடைய நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

நான் கடலூரில் அச்சு வடிவமைப்பு வேலை செய்கிறவன். பத்திரிகை, நோட்டீஸ், கடைப்பலகை எல்லாம் செய்வேன். டிசைன் என்றால் அழகு, கலர் என்றே எல்லாரும் பேசுகிறார்கள். ஒரு எழுத்து ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டால் அதற்குள்ளிருந்து ஒரு ராஜ்ஜியமோ, ஒரு இயந்திரமோ, ஒரு கட்சியோ வெளியே வருகிறது. நான் பார்த்தவரை எப்போதும் அப்படித்தான். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு முதலில் அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சிறிதாக வார்த்தார்கள். 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சுப்பொறியையும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள், அது வேப்பேரியில் ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீசியுஸ் கையில் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அச்சுப்பொறி போர்க்கொள்ளையில் சேர்ந்த பொருள்!

பெரியார் ஐ-யை 'அய்' என்றும் எழுதச் சொன்னார். 1978 ஆணையில் அது இடம்பெறவில்லை. ஆனாலும் இன்றைக்கு ஒரு சுவரொட்டியில் 'அய்யா' என்று இருந்தால் ஒட்டியவர் எந்தப் பக்கம் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஒரே சொல், ஒரே ஒலி.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் நண்பனின் அப்பா இறந்துபோனார். அவசரத்தில் வெளியே ஒரு இடத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கினோம். படத்துக்குக் கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று தேதி போடுவோம் இல்லையா, அங்கே த முன்னால் வந்து, கொம்பு பின்னால் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றது. 'மறைவு' என்ற சொல்லும் அப்படியே உடைந்திருந்தது. நண்பனின் அம்மா அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மாற்ற நேரமில்லை. மூன்று நாள் அது அப்படியே தெருவில் நின்றது.

ஏன் இப்படி ஆகிறது தெரியுமா? பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுப்பொறி மாதிரி கொம்பை முதலில் அடிப்போம், அப்புறம் த, அப்புறம் கால். இன்றைக்குக் கணினியும் போனும் எழுத்துகளைப் பதிந்துவைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் த முதலில் பதிவாகும், ஓகாரக் குறி பின்னால் வரும். அதை இரண்டாகப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் வாட்ஸாப்பில் வந்த வரியை ஒட்டினால் இப்படித்தான் சிதறும். இன்னொன்றும் சொல்கிறேன். யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. நம் எழுத்தில் தனி வடிவம் இல்லாத ஒலிகளுக்கான இடங்கள் அவை. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வார்ப்பாக அரசு வகுத்த இஸ்கி தரத்தைப் பின்பற்றியதால் வந்த காலி இடங்கள். நமக்கு மெய்தான் அடிப்படை. அங்கே 'க்' எழுத இரண்டு குறி வேண்டும். மேசைக்கு முன்னால் உட்காரும் ஒவ்வொரு நாளும் டெல்லியின் அந்த முடிவு என் விரலுக்கடியில் இருக்கிறது.

சரி, புதுச்சேரிக்கு வாருங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களில் நீலத் தெருப்பலகை, அதில் பிரெஞ்சும் தமிழும். இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் இடையே 1956-ல் கையெழுத்தாகி 1962-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கும் அந்தப் பலகைக்குப் பின்னால் இப்படி ஒரு பேரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே புதிதாகத் திறக்கிற காபிக் கடைகளைப் பாருங்கள். பிரெஞ்சுப் பெயரைத் தேடித்தேடி எடுத்த எழுத்துருவில் பெரிதாகப் போடுகிறார்கள். தமிழ் கணினியோடு வந்த எழுத்துருவில், ஓரத்தில், நசுங்கிப்போய்க் கிடக்கிறது. ரோமன் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழில் கி மேலே எழும்பும், பு கீழே இறங்கும். இரண்டையும் ஒரே பட்டைக்குள் அடைத்தால் தமிழ்தான் சுருங்கும். பலகையைத் தமிழ் வரியிலிருந்து திட்டமிட்டால் இந்தச் சிக்கலே வராது. வாடிக்கையாளரிடம் சண்டை போட்டாவது இனி நான் அப்படித்தான் செய்யப்போகிறேன். தூரிகை பிடித்து நூல் அடித்து எழுதிய பெயிண்டர்கள் இதை யாரும் சொல்லாமலேயே செய்தார்கள். அவர்களில் சிலர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். டிசைன் படிக்கும் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

ஆயா வீட்டுக்கு வந்த கொத்தனார், "சுதையைக் கொத்திவிட்டுப் புது எழுத்தில் கிரானைட் போட்டுத் தரேன், ஒரே நாள் வேலை" என்றார். அண்ணன் சரி என்றே சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டூல் போட்டு, நீலப் பெயிண்டில் தூரிகையை நனைத்து அண்ணன் மகள் கையில் கொடுத்தேன். லையின் துதிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. ஆயா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, காற்றில் விரலால் எழுதிக் காட்டினார்.