உள்ளே ஒன்று இருந்தால் போதுமா?

கருப்பைக்குள் கரு தெரிந்துவிட்டால் கரு குழாயில் தங்கும் கருக்குழாய்க் கர்ப்பப் பயம் இல்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்தவர்களுக்கு அது பொருந்தாது. இயற்கையாக ஏறக்குறைய 30,000 கர்ப்பங்களில் ஒன்றில் வரும் சிக்கல், ஐவிஎஃப்பில், அதிலும் இரண்டு கருக்களை வைத்தால், பல மடங்கு கூடும்: ஒரு கரு கருப்பையில், இன்னொன்று குழாயில். எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் அளவும் ஒழுங்காக ஏறி ஏமாற்றிவிடும்.

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் நாத்தனாருக்கு இப்படித்தான். வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. அவள் மாமியார் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார், பாவம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் தோள் வலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் மயக்கம் வர, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தார்கள். குழாயில் இருக்கும் கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கொடுத்தால் கருப்பையில் இருக்கும் கருவுக்கும் ஆபத்து என்பதால், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை சிகிச்சையில்) குழாயை எடுத்தார்கள். கருப்பையில் இருந்தது தங்கியது. மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள்.