நார்ச்சத்தைக் கூட்டினால் இரைப்பை வேகமெடுக்காது

“சாப்பிட்டது வயிற்றிலேயே நிற்கிறதா? தினமும் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறியும் முளைகட்டிய கொள்ளும் தின்றால் தீர்ந்துவிடும்” என்றொரு செய்தி ஈரோடு, பொள்ளாச்சிப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மலச்சிக்கலுக்குச் சொல்லும் அறிவுரையை, இரைப்பை தாமதமாகக் காலியாகும் காஸ்ட்ரோபரேசிஸ் நோய்க்குப் பொருத்தியிருக்கிறார்கள், இது தவறு.

இரைப்பையின் தசைகளை இயக்கும் வேகஸ் நரம்பு, நெடுநாள் சர்க்கரை நோயாலோ அறுவை சிகிச்சையாலோ பழுதடையும்போது, அடைப்பு எதுவும் இல்லாமலே உணவு தேங்குகிறது. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. அந்த நிலையில் அரைபடாத நார் பந்தாகத் திரண்டு, இல்லாத அடைப்பை உண்மையாக்கிவிடக்கூடும்.

கொள்ளை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வேகவைத்து வடித்த கொள்ளு ரசமும், குழைய வெந்த அரிசிம்பருப்பு சாதமும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நாம் தாராளமாக ஊற்றும் நெய்யைத்தான் குறைக்க வேண்டும், ஏனெனில் கொழுப்பும் இரைப்பையைத் தாமதப்படுத்தும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்து, மென்று உண்டு, உடனே படுக்காமல் இருப்பது நல்லது.

எண்டோஸ்கோபியில் அடைப்பு இல்லையென்று தெரிந்தபின், சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்துப் படமெடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் நோய் உறுதியாகும். சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுடைடு போன்ற மருந்துகளும் இதே தாமதத்தை உண்டாக்குவதால், அவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு உணவு குடலை எட்டுமுன்பே மருந்து வேலைசெய்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம் என்பதால், ஊசி நேரத்தையும் அவரே மாற்றித் தர வேண்டும்.